மோட்டாரை மெதுவாக ஓட்டுவது எப்படி?

மும்பை நாக்தேவி தெருவை ஒட்டிய ஒரு சந்தில் மோட்டார், பம்பு, ஸ்டார்ட்டர் வியாபாரம் செய்துவருகிறேன். 1982-இல் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து, ஒரு கடையில் பெட்டி தூக்குகிறவனாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டவன். பொறியியல் படித்தவன் அல்லன். பள்ளிப் படிப்போடு நின்றாயிற்று. மீதியெல்லாம் பழைய புத்தகக் கடைகளிலும், கம்பெனிக்காரர்கள் தரும் கையேடுகளிலும், காயில் கட்டும் மேஸ்திரிகளிடமும் கற்றுக்கொண்டது. ஆகையால் இக்கட்டுரையில் சூத்திரங்கள் குறைவாகவும் கடைப் பேச்சு அதிகமாகவும் இருக்கும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சங்க நிகழ்ச்சிகளில் நம்மவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், எங்க சொசைட்டி பம்புக்கு வி.எஃப்.டி. போட்டா கரண்ட் பில் பாதியாக் குறையுமாமே, நிஜமா?" அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவிக்குத்தான் இந்த மூன்றெழுத்துப் பெயர். கடைத்தெருவில் "டிரைவ்" என்றாலே போதும், புரிந்துகொள்வார்கள். அதை விற்றுப் பிழைக்கிறவன் நான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு வியாபாரம். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லை. மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்பதிலிருந்து ஆரம்பித்தால்தான் பதில் விளங்கும்.

முதலில் நம் வீட்டு மின்விசிறியைப் பாருங்கள். ரெகுலேட்டரைத் திருப்பினால் வேகம் குறைகிறது. அந்தக் காலத்துப் பெரிய ரெகுலேட்டர் பெட்டி கை வைத்தால் சுடும். இப்போதைய சிறிய எலெக்ட்ரானிக் குமிழ் அவ்வளவு சுடுவதில்லை. இரண்டும் செய்வது ஒன்றுதான்: விசிறிக்குப் போகும் மின்னழுத்தத்தை, அதாவது வோல்ட்டேஜைக் குறைக்கின்றன. அப்படியானால் மாவு மில்லின் மோட்டாரையும் சாயப்பட்டறை மோட்டாரையும் வோல்ட்டேஜைக் குறைத்தே மெதுவாக ஓட்டலாமே, தனியாக டிரைவ் எதற்கு என்று கேட்கத் தோன்றும். கடைக்கு வரும் பலர் கேட்டும் இருக்கிறார்கள்.

அப்படி ஓட்ட முடியாது. வோல்ட்டேஜைப் பாதியாக்கினால் மோட்டாரின் முறுக்குவிசை பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. விசிறி தப்பித்துக்கொள்வதற்குக் காரணம், மெதுவாகச் சுற்றும்போது காற்றைத் தள்ளும் சுமையும் மிகவும் குறைந்துவிடுவதுதான். மாவு மில்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. கோதுமை கோதுமைதான். வேகம் குறைந்தாலும் கல்லைத் திருப்ப அதே பலம் வேண்டும். வோல்ட்டேஜ் குறைந்த மோட்டார் திணறும், கரண்ட்டை இழுக்கும், சூடாகும், கடைசியில் நின்று எரியும்.

ஏன் இப்படி? நம் நாட்டில் தொழிற்சாலைகளிலும் பம்பு செட்டுகளிலும் ஓடுபவற்றில் மிகப் பெரும்பாலானவை தூண்டல் மோட்டார்கள். இத்தாலியில் ஃபெராரிஸும் அமெரிக்காவில் டெஸ்லாவும் தனித்தனியே இந்தத் தத்துவத்தை 1888-இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டிலேயே ஜெர்மனியில் வேலை பார்த்த டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி என்ற ரஷ்யர், இன்று நாம் காணும் மும்முனை மோட்டாரின் வடிவத்தைக் கொடுத்துவிட்டார். உள்ளே பார்த்தால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. வெளியே அசையாமல் நிற்கும் இரும்பு உருளையில் செப்புக் கம்பிச் சுருள்கள். நடுவில் சுழலும் ரோட்டரில் கம்பிச் சுருள்கூடக் கிடையாது. இரும்புக்குள் பதித்த அலுமினியக் கட்டைகள், இரு முனையிலும் வளையம் போட்டு இணைத்தவை. பார்ப்பதற்கு அணில் கூண்டு போல இருக்கும். ரோட்டருக்கு எந்த வயரும் போவதில்லை. பிறகு எப்படிச் சுற்றுகிறது?

மும்முனை மின்சாரத்தின் மூன்று வயர்களிலும் மின்னோட்டம் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவதில்லை. ஒன்று உச்சியில் இருக்கும்போது இன்னொன்று இறங்குகிறது, மற்றொன்று ஏறுகிறது. சுற்றிலும் வரிசையாக அமைத்த சுருள்களுக்கு இதைக் கொடுத்தால், ஒரு காந்தம் அந்த உருளைக்குள்ளே வட்டமாக ஓடுவதுபோல் ஆகிறது. உண்மையில் எந்தப் பொருளும் ஓடவில்லை, காந்தப்புலம் மட்டுமே ஓடுகிறது. மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் அது எதிர்த்திசையில் ஓடும். பம்பு தலைகீழாகச் சுற்றினால் எலெக்ட்ரீஷியன் செய்வது இதைத்தான்.

ஓடும் அந்தக் காந்தப்புலம் ரோட்டரின் அலுமினியக் கட்டைகளைக் கடக்கும்போது அவற்றில் மின்னோட்டம் உண்டாகிறது. மின்னோட்டம் பாயும் கட்டையைக் காந்தம் இழுக்கிறது. ரோட்டர் பின்தொடர்ந்து ஓடுகிறது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ரோட்டர் காந்தப்புலத்தை எட்டிப் பிடித்துவிட்டால் கட்டைகளை எதுவும் கடக்காது, மின்னோட்டம் இராது, இழுவிசையும் இராது. எனவே ரோட்டர் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே ஓட வேண்டும். இந்தப் பின்தங்கலுக்கு "ஸ்லிப்" என்று பெயர். என்னைப் போன்ற வியாபாரிக்கு இது எளிதில் புரியும். கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் கொஞ்சம் இடைவெளி இருந்தால்தான் கடை ஓடும். இடைவெளியே இல்லாவிட்டால் கடை நின்றுவிடும். அளவுக்கு மீறினால் வேறு விதமான சூடு கிளம்பும்.

காந்தப்புலம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: மோட்டாருக்குள் எத்தனை காந்த முனைகள் கட்டப்பட்டிருக்கின்றன, மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை திசை மாறிச் சுற்றி வருகிறது. இந்தியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். 120-ஐ 50-ஆல் பெருக்கி, முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் காந்தப்புலத்தின் வேகம் நிமிடக் கணக்கில் கிடைக்கும். 2 முனை மோட்டாருக்கு 3000. 4 முனைக்கு 1500. 6 முனைக்கு 1000. உங்கள் கட்டடத்து மோட்டாரின் பெயர்த்தகட்டைப் பாருங்கள், 1440 என்றோ அதற்குப் பக்கமாகவோ எழுதியிருக்கும். 1500-இல் காந்தம் ஓட, 60 சுற்றுப் பின்தங்கி ரோட்டர் ஓடுகிறது என்று பொருள். வோல்ட்டேஜைக் குறைத்தாலும் காந்தம் அதே 1500-இல்தான் ஓடும். ரோட்டர்தான் பலமில்லாமல் மேலும் மேலும் பின்தங்கும். அந்தப் பின்தங்கல் முழுவதும் ரோட்டருக்குள்ளே சூடாக மாறும்.

ஆகவே வேகத்தைச் சரியாக மாற்ற வேண்டுமென்றால் அந்த 50-ஐ மாற்ற வேண்டும். இது அந்தக் காலத்திலேயே எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால் மின்வாரியம் கொடுக்கும் 50-ஐ யார் மாற்றுவது? நான் மும்பைக்கு வந்த நாளில் பட்டறைகளில் படிப்படியான புல்லியில் பெல்ட்டை மாற்றிப் போட்டு வேகம் மாற்றுவார்கள். பெரிய ஆலைகளில் டி.சி. மோட்டார் இருக்கும். 1891-இல் வார்டு லெனார்டு என்ற அமெரிக்கர் கண்ட முறைப்படி, ஒரு மோட்டார் ஒரு ஜெனரேட்டரைச் சுற்ற, அது கொடுக்கும் மின்சாரத்தில் இன்னொரு டி.சி. மோட்டார் ஓடும். ஒரு வேலைக்கு மூன்று இயந்திரம்! டி.சி. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பிரஷ்களை விற்றே என் பழைய முதலாளி இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்தார்.

டிரைவ் செய்வது இதுதான். வரும் மின்சாரத்தை முதலில் ஆறு டையோடுகள் ஒரே திசை மின்சாரமாக, டி.சி.யாக மாற்றிவிடுகின்றன. 415 வோல்ட் மும்முனை மின்சாரம் உள்ளே சுமார் 560 வோல்ட் டி.சி. ஆகிறது. அதை ஏற்ற இறக்கமில்லாமல் தாங்கிப் பிடிக்கப் பெரிய கெப்பாசிட்டர்கள். பிறகு ஆறு எலெக்ட்ரானிக் சுவிட்சுகள். ஒவ்வொரு வயருக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் சுவிட்ச் போட்டால் வயர் நேர்முனையில், கீழ் சுவிட்ச் போட்டால் எதிர்முனையில். மூன்று வயர்களுக்கும் முறை வைத்து இப்படிப் போட்டு எடுத்தால், நாம் விரும்பிய அதிர்வெண்ணில் புதிதாக ஒரு மும்முனை மின்சாரம் கிடைக்கிறது. வந்த 50 ஹெர்ட்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் சுவிட்சுக்கு இரண்டே நிலை. முழு 560 வோல்ட், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அலை அலையாக ஏறி இறங்கும் மின்சாரம் எங்கிருந்து வரும்? குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். முழுதாகத் திறக்க அல்லது முழுதாக மூட மட்டுமே முடிகிற ஒரு குழாய். அதைச் சடசடவென்று திறந்து மூடினால், திறந்திருந்த நேரம் அதிகமென்றால் வாளியில் அதிகத் தண்ணீர், குறைவென்றால் குறைந்த தண்ணீர். டிரைவின் சுவிட்சுகள் விநாடிக்குச் சில ஆயிரம் முறை திறந்து மூடுகின்றன. திறந்திருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் அலையை உண்டாக்குகின்றன. மோட்டாரின் சுருள் திடீர் மாற்றத்தை ஏற்காத குணம் உடையது. ஆகையால் துண்டு துண்டான வோல்ட்டேஜ் உள்ளே போனாலும் மின்னோட்டம் ஏறக்குறைய வழவழப்பான அலையாகவே பாய்கிறது. டிரைவில் ஓடும் மோட்டாரிலிருந்து ஒரு மெல்லிய கீச்சொலி கேட்கும். இந்தத் திறந்து மூடுதலின் சத்தம்தான் அது.

இவ்வளவு விரைவாக, இவ்வளவு கரண்ட்டைத் திறந்து மூடக்கூடிய சுவிட்ச்தான் வெகுநாள் கிடைக்காமல் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் ஐ.ஜி.பி.டி. என்ற சுவிட்சை உருவாக்கியவர் ஜெயந்த் பாலிகா. பிறந்தது சென்னையில், பொறியியல் படித்ததும் சென்னை ஐ.ஐ.டி.யில், 1969-இல் பட்டம் பெற்றவர். 2024-இல் பின்லாந்து நாட்டின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். இன்வர்ட்டர் ஏ.சி. முதல் மெட்ரோ ரயில் வரை அவருடைய சுவிட்சின் வழி வந்தவைதான் உழைக்கின்றன.

இனி ஒரு முக்கியமான இடம். அதிர்வெண்ணை மட்டும் குறைத்தால் மோட்டார் எரியும். வோல்ட்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். காரணம் எளிது. 50 ஹெர்ட்ஸில் மின்சாரம் ஒரு பக்கமாகத் தள்ளும் நேரம் 10 மில்லி விநாடி. அதற்குள் இரும்பில் காந்தம் ஏறி இறங்கிவிடுகிறது. 25 ஹெர்ட்ஸில் அந்த நேரம் 20 மில்லி விநாடி. அதே வோல்ட்டேஜ் இரண்டு மடங்கு நேரம் தள்ளினால் இரண்டு மடங்கு காந்தம் ஏற வேண்டும். இரும்பு அவ்வளவு தாங்காது, நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறும். ஆகவே 415-ஐ 50-ஆல் வகுத்து, ஒரு ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட் என்று டிரைவ் கணக்கு வைத்துக்கொள்கிறது. 40-க்கு 332 வோல்ட். 25-க்குச் சுமார் 208. 10-க்கு 83. இப்படிச் செய்தால் இரும்பில் காந்தம் மாறாமல் இருக்கும், மோட்டாரின் முறுக்குவிசையும் எல்லா வேகத்திலும் மாறாமல் இருக்கும். மாவு மில்லையும் மெதுவாக ஓட்டலாம். 50-க்கு மேலே 60, 70 என்றும் ஓட்டலாம். ஆனால் 415-க்கு மேல் கொடுக்க டிரைவிடம் வோல்ட்டேஜ் இல்லாததால், வேகம் ஏற ஏறப் பலம் குறையும்.

இதெல்லாம் எனக்கு 1999 வரை தெரியாது. விற்கத் தெரியும், அவ்வளவுதான். அந்த ஆண்டில் பிவண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்கு டிரைவ் விற்றேன். ஜிக்கர் என்று ஒரு இயந்திரம், துணி ஒரு உருளையிலிருந்து சாயத்தொட்டிக்குள் இறங்கி இன்னொரு உருளையில் சுற்றும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களுக்குத் துணி மிக மெதுவாகப் போக வேண்டும் என்று முதலாளி விரும்பினார். "எவ்வளவு மெதுவா வேணும்னாலும் ஓட்டலாம் சேட்ஜி, குமிழைத் திருப்பினாப் போதும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். 10 ஹெர்ட்ஸில் இரவு பகலாக ஓட்டினார்கள். மூன்றாம் நாள் இரவு 5 எச்.பி. மோட்டார் எரிந்துபோயிற்று.

காலையில் போன் வந்தது. "அண்ணா, உங்க சாமான்ல தப்பு இல்ல. என் ஆளு மோட்டார் மேல தண்ணி ஊத்திட்டான்" என்றார் முதலாளி. இரவு ஷிப்டில் இருந்த ஆசம்கர் பையன் இல்லை என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறான். பத்து நாள் கூலியைப் பிடித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

எரிந்த மோட்டாரைக் குர்லாவில் காயில் கட்டும் ஆரணி மேஸ்திரியிடம் நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "என்னா நயினாரே, மூணு காயிலும் ஒரே மாதிரி வெந்திருக்குதே. தண்ணி பூந்திருந்தா ஒரு எடத்துல பொத்துக்கினு போயிருக்கும். ஒரு பேஸ் அறுந்திருந்தா சில காயில் மட்டும் கறுத்திருக்கும். இது காத்து இல்லாம வெந்தது. பின்னாடி காத்தாடி சுத்தலயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மோட்டாரின் பின்புறத்தில் அதன் தண்டிலேயே ஒரு சிறு விசிறி பொருத்தியிருக்கும். மோட்டார் 1440-இல் ஓடினால் விசிறியும் 1440. நான் 10 ஹெர்ட்ஸில் ஓட்டச் சொன்னேன். அதில் காந்தப்புலத்தின் வேகமே 300 தான். துணியை இழுக்கும் பலம் குறையாததால் சுருளில் பாயும் கரண்ட் குறையவில்லை, சூடும் குறையவில்லை. காற்று மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. உலையில் வைத்த மாதிரி மெல்ல மெல்ல வெந்திருக்கிறது.

முதலாளியிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேன். காயில் கட்டிய செலவை ஏற்றுக்கொண்டேன். கியரை மாற்றி, அதே மெதுவான துணி வேகத்துக்கு மோட்டார் 40 ஹெர்ட்ஸ் பக்கமாக ஓடும்படி செய்தோம். அந்தப் பையனைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. வேறொரு பட்டறை வாசலில் டீக்கடையில் இருந்தான். பத்து நாள் கூலியைக் கொடுத்தேன். எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்ப மோட்டார் ஏன் எரிஞ்சுது?" என்று கேட்டான். காற்று போதவில்லை என்றேன். "மெதுவா ஓடுனா சூடு கம்மியாத்தானே ஆகணும்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. நியாயமான கேள்வி. மறுநாள் ஃபவுண்டன் நடைபாதையில் ஒரு தடித்த பழைய பாடப்புத்தகம் வாங்கினேன். மேலே எழுதியவையெல்லாம் அங்கிருந்து தொடங்கியவை.

இப்போது கரண்ட் பில்லுக்கு வருவோம். டிரைவ் மின்சாரத்தைச் சேமிக்கும் கருவி என்று சொல்வது பாதி உண்மை. 50 ஹெர்ட்ஸில் முழுச் சுமையில் ஓடினால் அது மின்சாரத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே தின்னும், ஏனெனில் டிரைவுக்குள்ளேயே சில சதவீதம் சூடாகப் போகிறது. சேமிப்பு வருவது வேகத்தைக் குறைக்கும்போது. அதுவும் என்ன வேலை என்பதைப் பொறுத்தது. காற்றையும் தண்ணீரையும் குழாய்க்குள் தள்ளும் விசிறி, பம்பு ஆகியவற்றுக்கு ஒரு விசேஷம் உண்டு. வேகம் குறைந்தால் தள்ளும் அளவு அதே விகிதத்தில் குறையும், அழுத்தம் இரட்டைப் பெருக்கில் குறையும், தேவைப்படும் மின்சாரம் மும்மைப் பெருக்கில் குறையும். வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் சுமார் 51 சதவீதம்தான். பெரிய ஓட்டல்களின் ஏ.சி. காற்றுக் குழாய்களில் தகட்டைச் சாய்த்துக் காற்றை மறிப்பார்கள். மறிப்பதை விட்டுவிட்டு விசிறியை மெதுவாக ஓட்டினால் உண்மையிலேயே பணம் மிச்சம். விற்பவர்கள் கையில் இருக்கும் "பாதி பில்" கணக்கு இந்த இடத்திலிருந்து வந்ததுதான்.

எங்கள் சொசைட்டிக்கும் அதே கணக்கைக் கொண்டு ஒருவர் வந்தார். கீழ்த்தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புக்கு டிரைவ் போட்டு 40 ஹெர்ட்ஸில் ஓட்டினால் பில் பாதி என்றார். கூட்டத்தில் எல்லோருக்கும் ஆசை. என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு காகிதம் கேட்டு வாங்கி எழுதிக் காட்டினேன். எங்கள் கட்டடம் ஏழு மாடி. கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டி வாய் வரை 28 மீட்டர். பம்பு முழு வேகத்தில், வால்வை மூடிய நிலையில் தள்ளக்கூடிய உச்ச உயரம் 40 மீட்டர். 40 ஹெர்ட்ஸ் என்றால் 80 சதவீத வேகம். உச்ச உயரம் இரட்டைப் பெருக்கில் குறைகிறது. 40-ஐ 0.64-ஆல் பெருக்கினால் 25.6 மீட்டர். தண்ணீர் ஏற வேண்டியதோ 28. மோட்டார் சுற்றும், மீட்டர் ஓடும், மேலே ஒரு சொட்டு விழாது. பம்புக்குள் இருக்கும் தண்ணீர் அங்கேயே கலங்கிச் சூடாகும். 45 ஹெர்ட்ஸில் ஓட்டினால் தண்ணீர் ஏறும், ஆனால் நீண்ட நேரம் ஓட வேண்டும்.

இதில் ஏமாற்ற முடியாத ஒரு கணக்கு இருக்கிறது. 1000 லிட்டர் தண்ணீரை 28 மீட்டர் தூக்கக் குறைந்தபட்சம் 76 வாட்-மணி வேண்டும், அதாவது ஒரு யூனிட்டில் ஏறக்குறைய பதின்மூன்றில் ஒரு பங்கு. வேகமாகத் தூக்கினாலும் மெதுவாகத் தூக்கினாலும் இதைக் கொடுத்தே ஆக வேண்டும். குழாயின் உரசலில் வீணாகும் பகுதியை மட்டும்தான் வேகத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாம். எங்கள் கட்டடத்தில் அது சிறு பகுதி. மேல்தொட்டியே இல்லாமல் குழாய்களில் நேராக அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் பம்புகளின் கதை வேறு. அங்கே எத்தனை வீட்டில் குழாய் திறந்திருக்கிறது என்பதற்கேற்ப வேகம் மாற வேண்டும், டிரைவ் கட்டாயம் போட வேண்டும்.

லிஃப்டுக்கு டிரைவ் வைக்கலாம் என்று நானே சொன்னேன். பழைய லிஃப்டில் இரண்டு வேகம்தான், முனைகளை மாற்றிக் கட்டிய மோட்டார். மாடி வந்ததும் தூக்கிப் போடும். வயதானவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். டிரைவ் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கி, தரைக்குச் சமமாகக் கொண்டுவந்து நிறுத்தும். கிளம்பும்போது நேரடியாகச் சுவிட்ச் போட்டால் மோட்டார் வழக்கத்தைவிட ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்குமே, அதுவும் இல்லை.

இதே வித்தியாசத்தை நம் லோக்கல் ரயிலில் பார்க்கலாம். 1500 வோல்ட் டி.சி. காலத்து வண்டிகள் கிளம்பும்போது படிப்படியாக உலுக்கும். ரெசிஸ்டன்ஸ் தகடுகளை ஒவ்வொன்றாக விலக்குவதால் வரும் உலுக்கல் அது. 2007-இல் புது வண்டிகள் வரத் தொடங்கின, மேற்கு ரயில்வேயில் 2012-இலும் மத்திய ரயில்வேயில் 2016-இலும் டி.சி. கம்பியே 25,000 வோல்ட் ஏ.சி.யாக மாறி முடிந்தது. கிளம்பும்போது சுருதி ஏற்றுவதுபோல் ஒரு ஒலி வருமே, அது டிரைவின் சுவிட்சுகள் பாடுவது. பிரேக் போடும்போது இன்னொரு அதிசயம். டிரைவ் காந்தப்புலத்தின் வேகத்தை ரோட்டரின் வேகத்துக்கும் கீழே இறக்குகிறது. இப்போது ரோட்டர் முந்தியும் காந்தம் பிந்தியும் ஓடுவதால், மோட்டார் ஜெனரேட்டராகி, வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கிக் கம்பிக்கே திருப்பி அனுப்புகிறது. வீட்டு இன்வர்ட்டர் ஏ.சி.யும் உள்ளே இதே ஆறு சுவிட்ச் வேலைதான். அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரஸரை நிறுத்தாமல் மெதுவாக ஓட்டுகிறது.

சிறு தொழில் செய்யும் நம்மவர்களுக்கு ஒரு உபயோகமான செய்தி. மும்முனை இணைப்பு கிடைக்காத இடத்தில் சிறிய மாவு மில், இட்லி மாவு அரைக்கும் பெரிய கிரைண்டர் வைத்திருப்பவர்கள் உண்டு. ஒருமுனை 230 வோல்ட்டை வாங்கி மும்முனை 230 வோல்ட்டாகத் தரும் டிரைவ் கிடைக்கிறது. சிறிய மும்முனை மோட்டார்கள் பல ஸ்டார் இணைப்பில் 415-க்கு வரும். டெல்டாவாக மாற்றிக் கட்டினால் அவை 230-க்குச் சரியாக ஓடும். பெயர்த்தகட்டில் இரண்டு வோல்ட்டேஜும் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யவும்.

பலமுறை காயில் கட்டிய பழைய மோட்டாருக்கு டிரைவ் போடுகிறவர்கள் யோசித்துப் போடுங்கள். டிரைவின் ஒவ்வொரு துடிப்பும் நொடிக்கும் குறைந்த, மிக மிகச் சிறிய நேரத்தில் 560 வோல்ட் ஏறிவிடும். கேபிள் நீளமாக இருந்தால் மோட்டார் முனையில் அது மோதித் திரும்பி ஏறக்குறைய இரு மடங்காகும். பழைய வார்னிஷ் தாங்காது. கேபிளைக் குறுக்குங்கள், அல்லது நடுவில் சோக் போடச் சொல்லுங்கள். இன்னொன்று, மெயின் சுவிட்சை அணைத்ததும் டிரைவின் மூடியைத் திறக்காதீர்கள். கெப்பாசிட்டரில் அந்த 560 வோல்ட் சில நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்கும். கையேட்டில் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். நான் பத்து நிமிடம் விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தொடுவேன்.

எங்கள் சொசைட்டியில் கடைசியில் பம்புக்கு டிரைவ் வாங்கவில்லை. அடிவால்வு ஒழுகிக்கொண்டிருந்தது, மேல்தொட்டியின் மிதவை சுவிட்ச் ஒட்டிக்கொண்டு தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இரண்டையும் மாற்றினோம். உள்ளே துருவேறிச் சுருங்கிப்போன மேல்குழாயையும் மாற்றினோம். லிஃப்டுக்கு டிரைவ் வந்தது. பெரியவர்கள் இப்போது கைப்பிடியைப் பிடிக்காமலே இறங்குகிறார்கள். அந்த டிரைவை நான் விற்கவில்லை. லிஃப்ட் கம்பெனிக்காரர்களே கொண்டுவந்து பொருத்தினார்கள்.